சூடுறிஞ்சி ஐயா

குழந்தைகள் மருத்துவமனைக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியிலிருந்து புறப்பட்ட வரிசை, படியெல்லாம் இறங்கித் தெருவுக்கே வந்துவிட்டது. மேலே வீற்றிருப்பவர் சூடுறிஞ்சி ஐயா! குறைமாதக் குழந்தையின் தொப்பியை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தால் போதும். அதன் மேல் நூலில் கட்டிய ஒரு பித்தளைக் குண்டை ஆட்டி, பிள்ளையின் மூளையிலிருக்கும் அழற்சிச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடுவார். எடுத்ததை எங்கே வைக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வரிசையில் லிஃப்ட் மெக்கானிக்கும் நின்றான். பத்து மாடிக் கம்பியில் ஓர் இழை பிய்ந்தாலும் கண்டுபிடிக்கிற ஆசாமி. இருபத்தாறு வாரத்திலேயே பிறந்த மகள் கண்ணாடிப் பெட்டியில் கிடக்க, அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான்.

அவனும் பாவம். குழந்தையின் ரத்தத்தில் அழற்சி தெரிகிறது, அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம், பாதிக்காமலும் போகலாம் என்றார் டாக்டர்.

"எப்ப சார் தெரியும்?"

"ரெண்டு வயசு வரைக்குமாவது பார்த்துக்கிட்டே வரணும். இப்பவே சொல்ல முடியாது."

ஐயாவோ பல் முளைக்கும் தேதி முதல் பரீட்சை மார்க் வரை முதல் நாளே சொன்னார். தினமும் தொப்பியோடு வரச் சொன்னார். கூடவே ஒரு கட்டளை: அப்பன் தொட்டால் சூடு ஏறும்! பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லி நர்ஸ் தினமும் கூப்பிட்டும், நான்கு நாளாக அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ராத்திரி குளியலறையில் அழுதான்.

அவன் மனைவி சலவைக் கடையில் துணி பிரிப்பவள். "இன்னிக்கு நானும் வர்றேன். உறை என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

மாடி வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. ஐயாவின் ஷூவும் அங்கேதான். வெறுங்காலோடு உட்கார்ந்தால்தான் சூடு தரைக்கு இறங்குமாம். மனைவி குனிந்து செருப்பைக் கழற்றினாள். கொஞ்சம் அதிக நேரமே கழற்றினாள். பிறகு உறையை ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"திறக்கக் கூடாது. சூடு தப்பிச்சிடும்" என்று எச்சரித்துவிட்டு ஐயா குண்டை ஆட்டினார். முகம் சுருங்கியது.

"மூளை பூரா கொதிக்குது. நடக்க நாலு வருஷமாகும். பேச்சு அஞ்சுலதான். புத்தி... சந்தேகந்தான்."

மனைவி சாவகாசமாக உறையைக் கிழித்தாள். உள்ளேயிருந்து மஞ்சள் கோடு போட்ட, கட்டைவிரல் பக்கம் ஓட்டை விழுந்த ஒரு சாக்ஸ் மேஜைமேல் விழுந்தது.

"உங்க ஷூவுல இருந்துச்சுங்க. இதோட ஜோடி இன்னும் அங்கதான் கெடக்கு."

யாரோ ஓடிப் போய் ஜோடியைத் தூக்கி வந்தார். அதே கோடு. ஓட்டைகூட அதே இடத்தில்!

"உறையில வேற கொழந்தையோட சூடு ஒட்டியிருக்கும்மா" என்று ஐயா நெளிந்தார்.

அப்போதுதான் மெக்கானிக் வீட்டில் கழற்றி வைத்த கெட்டிக்காரத்தனம் திரும்பி வந்தது. மேஜையிலிருந்து மூன்று புது உறைகளை எடுத்தான். திரும்பி நின்று, மனைவி மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த மகளின் தொப்பியை ஒன்றில் மட்டும் போட்டு மூன்றையும் ஒட்டினான். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துக் கலைக்கச் சொன்னான்.

"தொப்பி எதுல இருக்குன்னு குண்டைக் கேட்டுச் சொல்லுங்கய்யா. நான் கால்ல விழறேன்."

ஐயா குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இதோ வந்துடறேன்" என்று வெறுங்காலோடு படியிறங்கியவர்தான். ஷூவுக்குக்கூடத் திரும்பி வரவில்லை.

மெக்கானிக் தொப்பியை மீட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினான். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினான். நர்ஸ் மகளை அவன் நெஞ்சில் கிடத்தினாள். ஒரு கைப்பிடி உயிர்.

"நல்லா வந்துடுவாளா சிஸ்டர்?"

"தெரியாதுங்க. ஆனா இப்ப நல்லா தூங்கறா."

"அது போதும்" என்றான்.

எதிர் மாடியில் வரிசை இன்னும் கலையவில்லை. "ஐயா நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாரு?" என்று இரண்டு பேர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தையின் மூளை வளர்ச்சியை இரண்டு வயதுவரை பார்த்துவரச் சொன்னார் டாக்டர். இவர்களுக்கு எத்தனை வயதுவரை பார்ப்பதாம்?