எமர்ஜென்சி மோடில் ஒரு கல்யாணம்

கேட்காமலேயே உதவ வருகிறவர்களை நம்பக் கூடாது. நான் அந்த வகை.

என் சித்தப்பா மகள் ஷைனிக்கு நெய்யூர்ப் பக்கத்து ஆலயம் ஒன்றில் கல்யாணம். அங்கே பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். (யாரும் கேட்கவில்லை.) பாட்டுகளும் மணமக்கள் படங்களும் தனியாகச் செருகிய ஒரு கிழட்டு ஹார்ட் டிஸ்கில் இருந்தன. அந்த டிஸ்கையும் சேர்த்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் கிளம்ப வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருந்தேன். டிஸ்க் வரத் தாமதமானால் என்ன செய்வது என்று எழுதவில்லை.

மணப்பெண்ணின் கார் வாசலில் வந்து நின்றது. எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் இன்னும் தெம்பாக ஓடுமே என்று தோன்றியது. செய்தேன்.

மணமக்கள் சிரித்த இடத்தில் கறுப்புத் திரை. அதில் சிவப்பு நட்சத்திரங்கள் இங்கும் அங்கும் உலாத்தின. பக்கத்திலேயே நொடிக் கணக்கு: டிஸ்குக்காக ஒன்றரை நிமிடம் வரை காத்திருக்கப் போகிறதாம். சபையே எழுந்து நின்று அதைப் பார்த்தது. வாசலில் ஷைனியின் கையைப் பிடித்தபடி சித்தப்பா.

கீபோர்டு வாசிக்கும் ஜாண்சன் மாமா என் பக்கம் குனிந்தார். "மக்கா, இது எதுக்குள்ள கவுண்டிங்?"

"டிஸ்க் இன்னும் முழிக்கல மாமா."

"முழிச்சுக் கெடந்தத நீ ஏம்டே உறங்கப் போட்ட?"

ஒன்றரை நிமிடம் முடிந்தது. கம்ப்யூட்டர் பொறுமையிழந்து, 'எமர்ஜென்சி மோட்' என்று எட்டடித் திரையில் ஆங்கிலத்தில் அறிவித்தது. அதற்குப் பிறகுதான் டிஸ்க் 'கிர்ர்' என்று கண் விழித்தது.

மாப்பிள்ளை வீட்டு வரிசையில் ஓய்வுபெற்ற நர்சுகள் மூன்று பேர். 'எமர்ஜென்சி'யைப் படித்ததுமே மூவரும் நடைபாதைக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான மாப்பிள்ளையின் பெரியம்மா நேராக வாசலுக்கு விரைந்து ஷைனியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பிள்ளைக்கு என்ன செய்யுது? காலம்பற எதாவது தின்னியா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. எங்க அண்ணன் அங்க நிக்கான், அவனப் பாருங்க!"

போதகர் மைக்கில் பாட்டு எண்ணைச் சொன்னார். எல்லோரும் மனப்பாடமாகவே, அதுவும் நன்றாகப் பாடினார்கள். திரை யாருக்குமே தேவைப்படவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் போய் அமைப்புக் கோப்பில் டிஸ்கைப் பற்றிய வரியில் 'நோஃபெயில்' என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்தேன். டிஸ்க் வராவிட்டாலும் நீ கிளம்பு என்று அர்த்தம். பத்து விநாடிக்கு மேல் காத்திருக்காதே என்றும் எழுதினேன். (எழுதி முடித்ததுமே ஆலயத்தார் என்னிடமிருந்த ஆலயச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.)

கல்யாண ஆல்பத்தின் முதல் படமே, பெரியம்மா கடிகாரத்தைப் பார்த்து ஷைனியின் நாடியை எண்ணுவதுதான். இப்போது ஷைனியின் மகள் ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் கேட்கிறாள்: "அம்மா, அண்ணைக்கு ஒனக்கு என்ன சீக்கு?"

ஷைனி என் பக்கம் விரலை நீட்டுவாள். "இந்தா இருக்காருல்லா, ஒனக்க மாமா. அதுதான் சீக்கு."