ரிக்கட் எடுக்காத கிருமிகள்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் விசிலரை அடக்கக்கூடிய மனிதன் இன்னும் பிறக்கவில்லை. களுதாவளையிலிருந்து டவுனுக்கு ஓடும் பஸ்ஸில் அவர் கொண்டக்டர். பெல்லைத் தொடமாட்டார். முன்பல் இரண்டுக்கும் நாக்கை முட்டுக்கொடுத்து ஒரு விசில் விடுவார். பஸ் நிற்கும், ரோட்டில் படுத்திருக்கும் மாடு எழும்பும், வீட்டுக்குள் தலை சீவும் நான் சீப்போடு ஓடுவேன்.

"பெல் எதுக்கு இரிக்கி?" என்று டிரைவர் கேட்டால், "அது மிஷின், நான் மனிசன்" என்பார்.

அப்படிப்பட்டவர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். தேய்த்தால் பல்லடி முரசுச் சதையில் ரத்தம் வருகிறதாம்.

"ரத்தம் வாற எடத்த ஆராவது சொறிவானா? பேசாம விட்டா ஆறிரும்."

ஆறவில்லை. வாய் நாறியது. அதை மறைக்க ஓயாமல் டொபி சப்பினார். நாங்கள் ஜன்னல் சீட்டுக்கு ஒருவரோடொருவர் அடிபட்டோம். பிறகு முன்பல் இரண்டும் ஆடத் தொடங்கின. ஒருநாள் விசில் விட்டார், காற்றுத்தான் வந்தது. மாடு படுத்தபடியே கிடந்தது. விசிலரின் முகம் செத்துப்போனது.

பல் டொக்டரிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் இளம் பெண்.

"அண்ணன், ரத்தம் வந்ததே கிருமி சேந்ததாலதான். தேய்க்காம விட, அது காறையா இறுகி முரசுக்குக் கீழ இறங்கிற்று. பல்லப் பிடிச்சிரிக்கிற எலும்பும் கரைஞ்சிட்டு. டொபிச் சீனியத் திண்டு அமிலம் விட்டுக் கடவாய்ப் பல்லையும் ஓட்டையாக்கியிரிக்கி. முன்னுக்கு ரெண்டையும் கழட்டுவம்."

விசிலர் கதிரையில் நிமிர்ந்தார்.

"ரிக்கட் எடுக்காம ஒருத்தன் என்ட பஸ்ஸில போனதில்ல. இவனுகள் என்ட வாய்க்குள்ள ஓசியில குந்தியிருந்து, மறுகா சீட்டையும் கழட்டுவானுகளா? இறங்க வேண்டியது பல்லில்ல டொக்டர், அவனுகள்."

டொக்டர் சிரித்துவிட்டார். காறையைச் சுரண்டிச் சுத்தமாக்கினார். ஒரு பல் தப்பலாம், மற்றது கஷ்டம் என்றார்.

மறுநாளே யுத்தம் தொடங்கியது. பஸ் டவுனில் நின்றதும் வாவிக்கரையில் வாய் நிறைய நுரையோடு நிற்பார். ரத்தம் வந்தாலும் பிரஷ்ஷை விடமாட்டார். நேரம் போகுது என்று ஆட்கள் ஏசினால், நுரைக்குள்ளிருந்து பதில் வரும்:

"செக்கிங் நடக்குது, பொறுங்க."

டொபிக்குப் பதில் கச்சான் கடலை கொறித்தார். மெல்ல மெல்ல ரத்தம் நின்றது.

ஒரு பல் போய்விட்டது. மற்றது அசையாமல் நின்றுகொண்டது. பொய்ப்பல் கட்டச் சொன்னோம்.

"தேவல்ல. ஒத்தப் பல்லனும் விசிலடிப்பான்."

வாரக்கணக்கில் ஊதி ஊதிப் பார்த்தார். கடைசியில் வந்தது பாதி விசில், பாதி காற்று. மாடு காதை மட்டும் ஆட்டியது. விசிலருக்கு அது போதும்.

இப்போது அந்த ரோட்டில் ஏசி பஸ் ஓடுகிறது. பாட்டு, பெல் எல்லாம் உண்டு. விசிலரின் பஸ்ஸுக்கு முன்னாலேயே வந்து என் காலடியில் நிற்கும்.

"ஏறல்லயா மனே?" என்று பக்கத்தில் நிற்பவர்கள் கேட்பார்கள்.

"நீங்க போங்க. எங்கட ஆள் பின்னால வாறார்."