சைவத் தூண்டிற்காரர்

லண்டன் பிளேஸ்டோவில் வசிக்கும் திருவாளர் ஆனந்தராஜா சுத்த சைவம். முட்டை சேர்ந்திருக்குமோ என்று பிறந்தநாள் கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பார். இதே ஆனந்தராஜாதான் பத்தொன்பது வருடங்களாகச் சால்மன் மீன் பிடிப்பதற்கான அனுமதிப்பத்திரமும் வைத்திருந்தார். இதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக அவரும் நினைக்கவில்லை, அரசாங்கமும் நினைக்கவில்லை. அரசாங்கமே நினைக்காததை நாங்கள் ஏன் நினைப்பான்.

அவர் இந்த நாட்டுக்கு வந்தது 2005 மார்கழிக் கடைசியில். அகதிக் கேஸ் அடுத்த வருடமே விழுந்துவிட்டது. மேன்முறையீட்டுக் கோப்பை அனுப்பிவிட்டோம் என்று ஓர் அலுவலகம் சொன்னது. வந்து சேரவில்லை என்று மற்ற அலுவலகம் சொன்னது. இரண்டு அலுவலகங்களும் ஒரே கட்டடத்தில் இருந்தன. கோப்பு இன்றைக்கும் படியேறிக்கொண்டுதான் இருக்கிறது.

அவருடைய சொலிசிட்டர் சுலோச்சனா மதுரைக்காரி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

“இருபது வருஷம் இங்கயே இருந்தீங்கன்னு நிரூபிச்சா தங்க விடுவாங்க, சார். வருஷத்துக்கு ஒரு அரசாங்கக் கடிதம் வேணும். பேரு, விலாசம், தேதி மூணும் இருக்கணும்.”

“இருபது வருசமோ, மிஸ்?”

“ஆமா. இன்னைக்கே ஆரம்பிச்சுடுங்க.”

ஆரம்பிப்பதற்குத்தான் வழியில்லை. அவர் இருந்தது இன்னொருவர் வீட்டு மேலறையில். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில், தண்ணீர் பில் வீட்டுக்காரி பெயரில், கவுன்சில் வரி அவளுடைய செத்துப்போன மாமனார் பெயரில். டொக்டரிடம் கடிதம் எடுக்கலாம் என்றால் நோய் வரவேண்டும். மனுசனுக்குத் தடிமன்கூட வரவில்லை.

ஒருநாள் தபாலகத்து வரிசையில் நின்றபோது மீன்பிடி அனுமதிப்பத்திரம் பற்றிய துண்டுப்பிரசுரம் கண்ணில் பட்டது. கவுண்டரில் இருந்த பெண் பெயர் கேட்டாள், விலாசம் கேட்டாள், பிறந்த திகதி கேட்டாள். விசா கேட்கவில்லை. ஆனந்தராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன மீன் என்று மட்டும் கேட்டாள். சாதாரண மீன்களுக்கு ஒன்று, சால்மனுக்கு விலை கூடிய ஒன்று என இரண்டு வகை இருந்தன. அவர் விலை கூடியதை வாங்கினார். விலை கூடிய கடதாசிக்குத்தான் மதிப்புக் கூட என்பதை யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வருட முடிவில் ஒரு படிவம் வந்தது. எந்த ஆறு, எத்தனை நாள் பிடித்தீர், எத்தனை மீன்? ஆற்றுக்குப் பட்டியலில் முதலாவதாக இருந்த ஆப்பிள்வோட்டர் ஆற்றை எழுதினார். அது எந்தப் பக்கத்தில் ஓடுகிறது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. நாள்தான் தலையிடி. பூச்சியம் என்றால் பத்திரம் எதற்கு என்று கேட்பார்கள். பத்து நாள் என்றால் மிச்ச முந்நூற்றைம்பத்தைந்து நாளும் எந்த நாட்டில் நின்றாய் என்று கேட்பார்கள். நன்றாக யோசித்து 365 என்று போட்டார். மீன் எத்தனை என்ற இடத்தில் பேனை நின்றது. முருகன் படத்துக்கு முன்னால் இருந்துகொண்டு பொய் எழுத மனம் வரவில்லை. பூச்சியம் என்று எழுதினார்.

சால்மன் பிடிக்கக்கூடாத மாதங்கள் என்று சில உண்டு. அது ஆனந்தராஜாவுக்கும் தெரியாது, படிவத்தை வாசித்த கணினிக்கும் தெரியாது. பெயர், விலாசம், திகதி மூன்றும் போட்டு நன்றிக் கடிதம் வந்தது.

இந்த வித்தையை அவர் ஒரேயொருவருக்குத்தான் சொன்னார். ஈஸ்ட் ஹாமில் மீன்கடை வைத்திருக்கும் ரதீசனுக்கு.

“தம்பி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

“என்னண்ணை, என்னைத் தெரியாதே உங்களுக்கு?”

தெரியும் என்றால் சொல்லியிருக்கமாட்டார். சில வருடங்களில் ஈஸ்ட் ஹாமில் மட்டும் அறுநூற்றுப் பதினொரு சால்மன் தூண்டிற்காரர்கள் இருந்தார்கள். கல்யாண வீடுகளில் “உங்களிட்டச் சால்மன் இருக்கோ?” என்பது சுகம் விசாரிப்பு மாதிரி ஆகிவிட்டது. பிரிட்டிஷ் பாஸ்போட் உள்ளவர்களும் எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரனிடம் இருக்கிற கடதாசி தன்னிடம் இல்லை என்றால் எப்படி நித்திரை வரும்? எல்லோரும் ஆனந்தராஜாவின் படிவத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து அப்படியே எழுதினார்கள். அதே ஆறு, அதே 365, அதே பூச்சியம்.

2025 மாசியில், எண்ணிப் பார்த்தால் இருபதாவது வருடம், நதிமீன் நலன் திணைக்களத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

“அன்புள்ள தூண்டிற்காரருக்கு, முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறிவரும் சால்மன்களைப் பாதுகாக்கும் உன்னத நோக்குடன், ஆப்பிள்வோட்டர் ஆற்றில் பொழுதுபோக்கு மீன்பிடி தற்காலிகமாக இடைநிறுத்தப்படுகிறது. இவ்வருடம் அனுமதிப்பத்திரம் வழங்கப்படமாட்டாது. இதனால் தங்களுக்கு ஏற்படக்கூடிய மனவேதனையைத் திணைக்களம் ஆழமாக உணர்கிறது. மனவேதனைப் படிவம் இணைக்கப்பட்டுள்ளது.”

பெயர் இல்லை. விலாசம் இல்லை. சுலோச்சனா அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பத்தொன்பது இருக்கு சார். இருபதாவது எங்க?”

“நான் இஞ்சைதானே மிஸ் இருக்கிறன். உங்களுக்கு முன்னால.”

“நீங்க இருக்கீங்க. கடிதம் இல்லையே.”

அன்று பின்னேரம் வவுனியாவிலிருந்து மனைவி சந்திரவதனா போனில் எடுத்தாள். கலியாணம் கட்டி மூன்றாம் மாதம் அவளை விட்டுவிட்டு வந்தவர் ஆனந்தராஜா. அப்போது அவளுக்கு இருபத்தெட்டு, இப்போது நாற்பத்தெட்டு. இந்த வருடத்தோடு முடிந்துவிடுமா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். மின்னஞ்சலைத் திரும்ப எடுத்து வாசித்தார். கண்ணால் காணாத ஒரு மீன் தன் குடும்பத்துக்கு நடுவில் முட்டையிட வந்துவிட்டதே என்று ஆத்திரப்பட்டார்.

மறுநாளே திணைக்களத்தின் லண்டன் அலுவலகத்துக்குப் போனார். அங்கே தரவு அதிகாரியாக இருந்தவர் மாதவன், மோர்டனில் குடியிருக்கும் கோயம்புத்தூர்க்காரர். ஆனந்தராஜா ஒன்றையும் மறைக்கவில்லை. ஆற்றையே கண்டதில்லை என்று ஒத்துக்கொண்டார்.

மாதவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“சார், மெதுவா பேசுங்க. உங்க ஆளுங்க தான் எங்க ஆராய்ச்சியே. அறுநூத்துப் பதினொரு பேர் வருஷம் பூரா தூண்டில் போட்டு ஒரு மீன் கூட மாட்டலைன்னா என்ன அர்த்தம்? ஆத்துல மீன் இல்லைன்னு அர்த்தம். அதனால தான் தடை.”

“ஆத்தைப் போய்ப் பாத்தனீங்களோ, தம்பி?”

“ஆறு வேற டிபார்ட்மெண்ட் சார். எங்களுக்கு டேட்டா மட்டும்தான் வரும்.”

“அந்த ஊர்ச் சனம் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“ஆத்தங்கரையில ஒரு கிழவர் இருக்காரு. ஆறு முழுக்க மீன், கால் வைக்க இடமில்லைன்னு வாராவாரம் எழுதுறாரு. ஒருத்தர் கண்ணால பார்த்தா அது வதந்தி. அறுநூறு பேர் படிவத்துல எழுதினா அது ஆதாரம்.”

“அப்ப நாங்கள் பிழையா எழுதினதெண்டு திருத்திவிடுங்கோவன். எனக்கு இந்த வருசத்துக் கடதாசி வேணும்.”

மாதவன் சாத்திய கதவை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார். “திருத்தினா தடை போயிடும். தடை போனா தடை கண்காணிப்புப் பிரிவு போயிடும். பிரிவு போனா என் வேலை போகும், வேலை போனா விசா போகும்.” பிறகு, “எனக்கும் விசாதான் அண்ணே,” என்றார்.

இரண்டு பேரும் இடறியது ஒரே கல்லில்.

“பத்திரம் தர முடியாது,” என்றார் மாதவன் கடைசியில். “ஆனா பாராட்டுக் கடிதம் தரலாம். மீன்வளத்தைப் பாதுகாத்த தூண்டிற்காரருக்கு வருஷா வருஷம் ஒண்ணு தர்றோம். இதுவரைக்கும் யாரும் தகுதி பெறலை. பத்தொன்பது வருஷம் தொடர்ந்து ஒரு மீன்கூடப் பிடிக்காம இருக்கணும்; உங்க ஆளுங்க மத்தவங்க பின்னாடி சேர்ந்தவங்க, வெள்ளைக்காரங்க எப்படியோ ஒரு மீனைப் பிடிச்சுத் தொலைச்சுடுறாங்க.”

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. தடித்த காகிதம், மேலே பொன்னிற முத்திரை, கீழே ஆனந்தராஜாவின் பெயர், விலாசம், திகதி. “இடைவிடாது பத்தொன்பது ஆண்டுகள், நாள் தவறாமல் தூண்டிலிட்டும் ஒரு சால்மனுக்கேனும் தீங்கு செய்யாத தங்களின் ஒப்பற்ற தன்னடக்கத்தைத் திணைக்களம் வியந்து போற்றுகிறது.” தடை மகத்தான வெற்றி என்றும் அதில் இருந்தது. தடைக்கு முன்பு பிடிபட்டவை பூச்சியம், தடைக்குப் பின்பும் பூச்சியம், நிலைமை ஒரு மீனளவுகூட மோசமடையவில்லை. ஆகவே தற்காலிகத் தடை இன்னும் பத்து வருடங்களுக்கு நீடிக்கப்பட்டது.

அந்த மார்கழியில் இருபது வருடம் நிறைந்ததும் சுலோச்சனா இருபது கடிதங்களையும் அடுக்கி விண்ணப்பத்தை அனுப்பினார். ஆனந்தராஜா கோயிலுக்குப் போய் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தார். சந்திரவதனா சூட்கேஸ் வாங்கினாள்.

ஒன்பது மாதம் கழித்துப் பதில் வந்தது. சுலோச்சனா அவருக்கு முன்னால் இருந்து வாசித்தார்.

“விண்ணப்பதாரி ஒவ்வொரு வருடமும் முந்நூற்று அறுபத்தைந்து நாட்கள் இந்நாட்டு ஆற்றில் இருந்தமை அரசாங்கப் பதிவுகளால் ஐயமின்றி உறுதியாகிறது. அதை மகிழ்ச்சியுடன் ஏற்கிறோம். எனினும் 2008, 2012, 2016, 2020, 2024 ஆகியவை லீப் வருடங்கள். அவற்றுக்குத் தலா முந்நூற்று அறுபத்தாறு நாட்கள். மிகுதி ஐந்து நாட்களும் விண்ணப்பதாரி எங்கிருந்தார் என்பதை இருபத்தெட்டு நாட்களுக்குள் தெரிவிக்கவும்.”

சுலோச்சனாவின் மேசையில் இன்னும் நாற்பது கோப்புகள் கிடந்தன. எல்லாம் ஈஸ்ட் ஹாம், எல்லாம் போட்டோக்கொப்பி, எல்லாம் 365. அவர் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை.

“என்ன சார் எழுதட்டும்?” என்றார்.

ஆனந்தராஜா கனநேரம் யோசித்தார். பத்தொன்பது வருடத்தில் அந்தப் பூச்சியத்தைத் தவிர்த்து முதல் தடவையாக உண்மை எழுத ஒரு இடம் கிடைத்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

“அந்த அஞ்சு நாளும் நான் மீன் பிடிக்கப் போகேல்லை. வேலைக்குப் போட்டு வந்து பிளேஸ்டோவில வீட்டை இருந்தனான். அப்பிடியே எழுதுங்கோ, மிஸ்.”

அப்படியே எழுதினார்கள். பதில் இந்த முறை நான்கே நாளில் வந்தது. ஒரே ஒரு வரி.

“மேற்படி ஐந்து நாட்களும் தாங்கள் வீட்டில் இருந்தமைக்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை.”