பிளான் அண்ணனின் கம்பெனி

ஓசூரில் திறந்து மூடிய கம்பெனிகள் எத்தனையோ. ஆனால் முதலாளியே வாளியோடு பாத்ரூம் வரிசையில் நின்ற கம்பெனி ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் தொழிலாளர் ஹாஸ்டலில், என் எதிர்க் கட்டிலில் நடந்தது. முதலாளியின் பெயர் யாருக்கும் தெரியாது. பிளான் அண்ணன் என்றால் சிப்காட் முழுக்கத் தெரியும்.

பிரஸ் மெஷின் அவர் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. சண்டை போட்டு வாங்கிய நஷ்டஈட்டை மனிதர் ஒரு மொபைல் ஆப் செய்யக் கொடுத்துவிட்டார். இன்று எந்த ஃபேக்டரி கேட்டில் தினக்கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விடியும் முன்னே அது சொல்லும். பஸ்ஸுக்குச் செலவழித்துப் போய், "இன்னிக்கு இல்ல, போ" என்று திட்டு வாங்கித் திரும்பும் எங்களுக்கு அது தெய்வ வாக்கு. அதை வைத்து எப்படிச் சம்பாதிப்பது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அது மூழ்கினால் விரலும் போச்சு, விரலின் விலையும் போச்சு.

முதல் பிளான், மாதச் சந்தா. எங்கள் ஹாஸ்டலில் அறைக்கு ஒரு சோப்பு, ஒரு பேஸ்ட், ஒரு சார்ஜர். சந்தா கட்டியதும் ஒரே ஒருவன்தான். ஆப் சொன்னதை அவன் எடுத்து அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் நாங்கள் பல் விளக்குவதற்குள் ராயக்கோட்டை தாண்டிவிடும்.

"எவண்ணே அந்த ஒருத்தன்?" என்றேன்.

"நான்தான்டா. சரியா வேலை செய்யுதான்னு கட்டிப் பாத்தேன்."

"அப்ப ஸ்கிரீன்ஷாட்டு?"

"பசங்க கேட்டாங்க. எப்பிட்றா இல்லேங்கறது?"

அடுத்த பிளான், விளம்பரம். ஆப்பைத் திறந்தால் உடனடிக் கடன் என்று ஒரு பெண் சிரிப்பாள். பக்கத்துக் கட்டில் முனிராஜ், கெலமங்கலத்துப் பையன், அதைத் தொட்டுக் கடன் வாங்கித் தொலைத்தான். தவணை தவறியதும் அவன் முகத்தை அசிங்கமான படத்தில் ஒட்டி மாமியார் வரைக்கும் அனுப்பிவிட்டார்கள். ஒரு காலையில் பெட்டியைக்கூட எடுக்காமல் போனவன், திரும்பவே இல்லை.

"என் ஆப்புல வந்துதானடா மாட்டுனான்" என்று அண்ணன் அன்றே விளம்பரத்தை நிறுத்தினார். அவன் பெட்டியைத் தன் கட்டிலுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

மூன்றாவது பிளான் காரில் வந்தது. லேபர் கான்ட்ராக்டர்.

"மாசாமாசம் நான் பணம் கட்றேன்பா. ஓவர்டைம் கேட்டு சண்டை போட்டவன், அடிபட்டு நஷ்டஈடு கேட்டவன், இவனுங்க பேரு மட்டும் எனக்கு வேணும். அவனுங்களுக்கு எந்த கேட்டும் காட்டக் கூடாது."

அண்ணன் மூன்று விரல் கையை மேசைமேல் வைத்தார்.

"எழுதிக்குங்க சார். மொதப் பேரு என்னுது."

அடுத்த பேரைச் சொல்லவே இல்லை. நாங்கள் விசிலடித்தோம். விசில் சர்வருக்கு வாடகை கட்டுமா? சீக்கிரமே ஆப் நின்றது. கான்ட்ராக்டர் அந்த முதல் பேரை மட்டும் மறக்காமல் எழுதிக்கொண்டார் போலிருக்கிறது. அதன் பிறகு எந்த கேட்டிலும் அண்ணனை உள்ளே விடவில்லை.

இப்போது ஹாஸ்டல் மெஸ்ஸில் வெங்காயம் உரிக்கிறார். காய் வாங்கப் போகும் மெஸ் வண்டியில் கேட் கேட்டாக நின்று விசாரித்து, எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்புகிறார்.

"சூளகிரி ரோட்டு கேட்டுல ஆள் எடுக்கறாங்க. எனக்கு இல்லேன்னுட்டாங்க, உங்களுக்கு இருக்குது. சாப்ட்டுட்டுப் போங்கடா. முனிராஜு, இத நீ கேட்டீன்னா வந்துரு. பெட்டி பத்திரமா இருக்குது."

எனக்கு பெங்களூரில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. எந்த கேட்டிலும் நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் காலையில் அந்தக் குரல் வராமல் எனக்கு டீ இறங்குவதில்லை.