பவளத்துக்கு ஒரு ஜன்னல்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதெல்லாம் சில்லறைச் சமாசாரம். ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்கள் தேவைக்கு மேல் மூச்சு விடுகிறார்கள் என்ற பேருண்மையைக் கண்டுபிடித்த பெருமை, ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவையே சாரும். அந்தப் புனிதமான தருணத்தில் பக்கத்திலேயே நின்று தலையாட்டும் பாக்கியம் பெற்றவர், பிரிவின் கண்காணிப்பாளர். அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஊழியர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது: 'ஆமாம் சார்'.

குறைதீர்ப்புப் பிரிவு என்பது ஒரு நீளமான ஹால். அதில் வரிசை வரிசையாக உட்கார்ந்து, தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை "தங்கள் சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்" என்று சம்பளத்துக்கு வருந்துவார்கள். ஹாலுக்கு இருந்தது ஒரே ஜன்னல். ஏ.சி. வந்த அன்றே, குளிர் தப்பித்து ஓடிவிடும் என்று பொது மேலாளர் அந்த ஜன்னலைத் திருகாணி போட்டு முடுக்கச் சொல்லிவிட்டார்.

அந்த ஹாலில்தான் ஆமாம் சாரின் சொந்தத் தங்கையும் வருந்திக்கொண்டிருந்தாள். வேலை வாங்கித் தந்தவர் அவர்தான். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங்; இப்போது ஏழாவது மாதம் வேறு.

"அண்ணா, அந்த ஜன்னலைத் திறக்கச் சொல்லேன். மத்தியானம் ஆனா நெஞ்சை அடைக்குது."

"சொல்றேம்மா. சமயம் பார்த்துச் சொல்றேன்."

அவளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அவர் சமயம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நல்ல மனுஷர், பாவம். சமயம்தான் அவரைப் பார்க்கவில்லை.

இந்த நிலையில், பொது மேலாளர் ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு ஞானத்தோடு திரும்பினார். கடல்வாழ் உயிரினங்களைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தால் ஊழியர்களுக்கு 'மன அமைதி' பெருகுமாம். உடனே ஹாலின் நட்டநடுவில் ஒரு கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. உள்ளே உப்புத் தண்ணீர், நாலைந்து கலர் மீன், அப்புறம் உயிருள்ள பவளங்கள். முதலில் அவை பூப்போல விரிந்தன. பிறகு சாயம் போய்ச் சுருங்கத் தொடங்கின. ஊழியர்கள் சுருங்கியபோது அசையாத பொது மேலாளர், பவளம் சுருங்கியதும் ஆடிப்போய்விட்டார்.

தொட்டிக்காரர் வரவழைக்கப்பட்டார். தொட்டி விற்றதில் லாபம், பார்க்க வருவதில் லாபம், செத்துப்போனால் புதுசு விற்பதிலும் லாபம் என்பதால் எப்போதும் சிரித்த முகம். மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்.

"பி.எச். ஏழு புள்ளி ஏழுல நிக்குது சார். எட்டு புள்ளி ரெண்டாவது வேணும். தண்ணி புளிச்சுப் போச்சு."

"யார் புளிக்க வச்சது?" என்றார் பொது மேலாளர், திருட்டு கேஸை விசாரிப்பவர் மாதிரி.

"கரியமில வாயு சார். உங்க ஆளுங்க விடுற மூச்சுதான். மூடின ஹால்ல அது எங்க போவும்? தண்ணியில இறங்கிடும். அப்புறம் பவளம் எப்படி ஓடு கட்டும்?"

பொது மேலாளர் மெதுவாகத் திரும்பி ஹாலைப் பார்த்தார். ஒரு கணம் யாருமே மூச்சு விடவில்லை.

"யோவ், நான் சம்பளம் குடுக்கிறது வேலை செய்யவா, மூச்சு விடவா?"

"ஆமாம் சார்" என்றார் ஆமாம் சார்.

அந்த நிறுவனத்தில் எந்தப் பிரச்சினைக்கும் ஒரே மருந்து, மீட்டிங். அதுவும் பிரச்சினையின் பக்கத்திலேயே கூட வேண்டும். அதற்குப் பெயர் 'கள ஆய்வு'. ஆகவே எல்லாப் பிரிவுத் தலைவர்களும் நாற்காலியோடு வந்து தொட்டியைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தார்கள். ரகசியம் காக்கக் கதவும் சாத்தப்பட்டது. தூய காற்றின் அவசியம் குறித்துப் பொது மேலாளர் மூச்சு விடாமல் பேசினார் என்று மறுநாள் சுற்றறிக்கை சொன்னது. மீட்டர் வேறு மாதிரி சொன்னது. அவர் பேசப் பேச அது இறங்கிக்கொண்டே போனது.

"சார், பேச்சை நிறுத்தினா கொஞ்சம் ஏறும்" என்றார் தொட்டிக்காரர்.

"என்னது?"

"பொதுவா சொன்னேன் சார்."

ஏதோ ஒரு வெள்ளைப் பொடியைக் கரைத்து ஊற்றினார்கள். பி.எச். ஏறியது. ஏறியதைப் பாராட்ட மறுநாள் மீட்டிங் கூடியது, இறங்கிவிட்டது. ஏன் இறங்கியது என்று ஆராய அதற்கடுத்த மீட்டிங். இப்படியாகப் பவளத்தைக் காப்பாற்றும் பணியில் பவளம் பாதி உயிரானது.

நிர்வாகம் சளைக்குமா? 'சுவாசச் சிக்கனத் திட்டம்' பிறந்தது. "மனமார வருந்துகிறோம்" என்பது நீளம், இனி "வருத்தம்" என்றால் போதும். ஹாலுக்குள் சிரிக்கக் கூடாது. பெருமூச்சு விட விரும்புவோர் முன் அனுமதி பெற்று மாடிப்படிக்குப் போக வேண்டும். படியேறி வந்தால் மூச்சிரைக்கும் என்பதால், திரும்பி வந்ததும் வாசலில் நின்று ஆற வேண்டும். இதற்கெல்லாம் கைதட்டினார்கள் சார், கைதட்டினார்கள்!

கடைசியில் மனிதவள அதிகாரி அம்மாள், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு நுட்பமான முறைகேட்டை அம்பலப்படுத்தினார்.

"சார், தொட்டிக்குப் பக்கத்து சீட்ல ஒரே ஆள்தான் கணக்கு. ஆனா அங்க ரெண்டு பேருக்கான மூச்சு போயிட்டிருக்கு."

எல்லோரும் அந்த சீட்டைப் பார்த்தார்கள். ஆமாம் சாரின் தங்கை புடவைத் தலைப்பை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பழைய காகிதங்கள் அடைத்துவைத்த ஸ்டோர் ரூம் அன்றே 'தாய்சேய் நல அறை' என்று பெயர் மாறியது. அதற்கு ஜன்னலும் இல்லை, ஏ.சி.யும் இல்லை, தூசி மட்டும் தாராளம்.

"உங்க தங்கச்சிதானே? உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?" என்று பொது மேலாளர் பெருந்தன்மையோடு கேட்டார்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணனுக்குத் தொண்டை வரை ஏதோ வந்தது. பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம் என்ற ஞாபகமும் கூடவே வந்தது.

"ஆமாம் சார்" என்றார். எதற்கு 'ஆமாம்' என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கும் பி.எச். மசியவில்லை. தொட்டிக்காரருக்கே அலுத்துவிட்டது.

"ஜன்னலைத் திறங்க சார். கதை முடிஞ்சுது."

சபையில் கெட்ட வார்த்தை பேசியதைப் போல எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"குளிர்?" என்றார் பொது மேலாளர்.

"அப்படின்னா ஜன்னல் கண்ணாடியில ஒரு ஓட்டை போடுவோம். அதுல குழாயைச் சொருகி, வெளிக்காத்தை நேரா நுரை மெஷினுக்கு விட்டுடலாம்." தொட்டித் தண்ணீரில் காற்றைக் கலந்து அழுக்கை நுரையாக வெளியேற்றும் இயந்திரம் அது. "ஹாலுக்குள்ள ஒரு பொட்டுக் காத்து வராது சார். அத்தனையும் பவளத்துக்குத்தான்."

"ஆங்! இதல்லவா திட்டம்!"

முந்தின நாளே குழாயைப் பொருத்தி, மீட்டர் எட்டு புள்ளி இரண்டைத் தொட்ட பிறகு, திறப்பு விழா வைத்தார்கள். குழாய்க்கு ரிப்பன் கட்டியிருந்தது. ஜன்னலின் கீழே 'உயிர்க்காற்றுத் திட்டம்' என்று பளிங்கில் செதுக்கியிருந்தது. எல்லா மாடி ஊழியர்களும், 'தாய்சேய் நல அறை'யில் இருப்பவரும்கூட, கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. வந்து நெருக்கியடித்து நின்றார்கள். கதவைச் சாத்தினார்கள். பவளங்கள் தொட்டிக்குள் மொட்டவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தன. பொது மேலாளர் பேச ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்குள்ளிருந்து விசில் சத்தம் கேட்டது. யார் மரியாதை இல்லாமல் விசிலடிப்பது என்று ஆமாம் சார் பதறிப்போய்ப் பார்த்தார். விசில் அவர் தங்கையின் நெஞ்சிலிருந்து வந்தது. உதடு வெளுத்திருந்தது. ஆட்களை விலக்கிக்கொண்டு அவள் நேரே தொட்டியிடம் போனாள். நுரை மெஷினிலிருந்து குழாயைப் பிடுங்கினாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அதை வாயில் வைத்து இழுத்தாள், கண்ணை மூடிக்கொண்டு, இழுத்து இழுத்து.

"யோவ்! உன் தங்கச்சி பவளத்தோட காத்தைக் குடிக்குதுய்யா!" என்று பொது மேலாளர் அலறினார். "மீட்டரைப் பாரு! மீட்டரைப் பாரு!"

ஆமாம் சார் ஓடினார். தங்கையின் எதிரே குந்தினார். அவருக்குக் கண் கலங்கியது. பாசமில்லாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

"போதும்மா, எல்லாரும் பாக்குறாங்க. குடுத்துடு, என் கண்ணுல்ல."

அவள் குழாயை வாயிலிருந்து எடுத்தாள். விரிந்து ஆடும் பவளங்களைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"வேலை வாங்கித் தந்ததுதான் தந்தே அண்ணா, அந்தத் தொட்டிக்குள்ள வாங்கித் தந்திருக்கக் கூடாதா?"

"ஆமாம்மா" என்றார் அவர். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் வாயிலிருந்து உண்மையாக வந்த ஒரே 'ஆமாம்' அதுதான். சொல்லிவிட்டு, குழாயை அவள் கையிலிருந்து வாங்கித் துடைத்து, மறுபடியும் மெஷினில் சொருகினார்.