கம்பளிக் கதையும் கட்சால் அண்ணனும்

ஹேடோ,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அண்ணன் முருகானந்தம் அவர்களுக்கு, தம்பி அழகையா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் ஜெயராணியும் மகள் சங்கவியும் நலமே. நீங்களும் அண்ணியும் நலம் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். ஆறு வருடம் கழித்துக் கடிதம் வருகிறதே என்று பதற வேண்டாம். இங்கே யாரும் சாகவில்லை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் உங்கள் எண்ணை அன்றைக்கே கோபத்தில் அழித்துவிட்டேன். யாரிடமாவது கேட்டால், "அழகையா இறங்கி வந்துட்டான்" என்பார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் சங்கவியின் இங்கிலீஷ் வகுப்பு. பதினொன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் சந்திரமதி மிஸ், பாடப்புத்தகம் போதாதென்று உலக இலக்கியம் என்று வாரம் ஒரு தேசத்துக் கதையைக் கொண்டுவருகிறார். படித்த கதையைப் பிள்ளைகள் வீட்டில் சொல்லிக்காட்ட வேண்டுமாம். போன வாரம் வந்தது பனி விழும் ஏதோ ஒரு தேசத்துக் கதை. அக்கா, தங்கை. அம்மா விட்டுப்போன ஒரு கம்பளிக்காகச் சண்டை போட்டு, ஏரிக்கு இந்தக் கரையில் ஒருத்தி, அந்தக் கரையில் ஒருத்தி என்று பதினேழு வருடம் பேச்சில்லை. கடைசியில் தங்கை கம்பளியை எடுத்துக்கொண்டு படகேறிப் போகிறாள். போய்ச் சேர்ந்தால், அக்காவை அடக்கம் செய்து நான்கு நாளாகிவிட்டது. அவ்வளவுதான் கதை. ஜெயராணி வாய் பிளந்து கேட்டதில் அடுப்பில் சூரை மீன் கரிந்தது. நான் அதையே தின்றுவிட்டுப் படுத்தேன். மறுநாள் துறைமுகத்தில் என் கிரேனில் உட்கார்ந்து, அந்த அக்காவுக்கு அப்படி என்ன அவசரம், நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே, மெயின்லேண்ட் கப்பலில் வந்த வெங்காய மூட்டைகளைச் சூப்பர்வைசரின் ஸ்கூட்டர் மேல் இறக்கிவிட்டேன். அவர் வங்காளி. "அழகையா, கியா ஹோ கயா தும்கோ?" என்று, எனக்கு என்ன ஆச்சென்று இந்தியில் கேட்டுத் தலையில் கை வைத்தார். எனக்கு வாயில் வந்தது "கம்பல், சாப், கம்பல்" என்பதுதான். குளிர்காய்ச்சலில் கம்பளி கேட்கிறேன் என்று நினைத்து, இரண்டு நாள் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்.

கிடைத்த லீவில் நேராகப் பள்ளிக்கூடம் போனேன். "பிள்ளைங்களுக்கு இப்படியா மிஸ் கதை சொல்றது? நல்லா இருந்த பொம்பளைய அநியாயமா சாகடிச்சிட்டாங்களே" என்றேன். அந்தம்மா கோபப்படவில்லை. "நீங்களா இருந்தா எப்படி முடிப்பீங்க? கிளாஸ்லயே வந்து சொல்லுங்க" என்று கூட்டிக்கொண்டு போய் முதல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். பெஞ்சுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. முழங்காலை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. வங்காளி, தெலுங்கு, மலையாளம் என்று முப்பது பிள்ளைகள். நான் பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் பேச, மிஸ் அதை இங்கிலீஷாக்கிப் பலகையில் எழுதினார். தங்கச்சி முதல் வருடமே படகேறியிருக்க வேண்டும் என்றேன். ஏன் ஏறவில்லை என்று ஒரு தெலுங்குப் பெண் கேட்டது. "யார் முதல்ல போறதுன்னு ஒரு மரியாதை இருக்குல்லம்மா" என்றேன். அதையும் பலகையில் எழுதினார்கள். வகுப்பே சிரித்தது. சங்கவி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "மிஸ், எங்க பெரியப்பா கட்சால் தீவுல இருக்காங்க. எனக்கு அவங்க முகமே மறந்துபோச்சு" என்றாள். அண்ணே, முழங்காலை மடக்கிக்கொண்டு அந்தப் பெஞ்சில் நான் இருந்த இருப்பை எந்தத் தேசத்து எழுத்தாளரும் எழுதியிருக்க மாட்டார்.

அதன்பிறகு மிஸ் கொடுத்த ஹோம்வொர்க்தான் இந்தக் கடிதம்: பேசாமல் இருக்கும் ஒருவருக்கு வீட்டிலிருந்து ஒரு கடிதம். ஐந்து மார்க். பிள்ளையின் மார்க்குக்காக எழுதுகிறேனே தவிர, என் பக்கம் தப்பு என்பதற்காக இல்லை. சுரேந்திரன் கல்யாணப் பத்திரிகையில் சொந்தச் சித்தப்பன் பெயரைச் சம்பந்தி வீட்டு டிரைவருக்குக் கீழே போட்டது உங்கள் தப்பு. அதற்காகத் தாலி கட்டியதும் சாப்பிடாமல் கப்பலேறியது என் தப்பு என்று ஜெயராணி சொல்கிறாள். இருக்கலாம். அண்ணி சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டு கப்பல் ஜெட்டிவரை ஓடிவந்ததை மேல்தட்டில் நின்று பார்த்தேன். பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இதற்குப் பதில் போட வேண்டாம். நீங்கள் இங்கே வரவும் வேண்டாம். நானும் அங்கே வருவதாக இல்லை. அண்ணிக்கு என் வணக்கம். சுரேந்திரனுக்கும் மருமகளுக்கும் ஆசி. பேரப்பிள்ளை பிறந்திருக்கிறதாமே, அதற்கும் சேர்த்து.

இப்படிக்கு,
மரியாதை குறையாத தம்பி,
அழகையா

பின்குறிப்பு: சங்கவி இதைப் படித்துவிட்டு, "அப்பா, மிஸ் கேட்டது இங்கிலீஷ்ல அரைப் பக்கம்ப்பா. நான் நேத்தே எழுதிக் குடுத்துட்டேன்" என்கிறாள். ஆகவே மார்க் விஷயம் ரத்து. ஜெயராணி என்னைக் கேட்காமலே வெள்ளிக்கிழமைக் கட்சால் கப்பலுக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டாள். இந்தக் கடிதமும் அதே கப்பல் தபாலில்தான் வரும். நான் முந்திக்கொண்டால், தபால்காரர் கொண்டுவரும்போது பிரிக்காமல் என் கையிலேயே கொடுத்துவிடவும்.