அந்தோனியாருக்குக் கீழே மேளம்

மீன் வாங்க வருகிறவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை, போனைப் பார்க்கிறான். கோயிலில் பாதர் பிரசங்கம் வைக்கும்போதும் போன். சாவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் போன். இந்தக் காலத்துச் சனத்தில் ஒருத்தரையும் நம்ப முடியாது என்பது யாக்கோப்பரின் முடிவு. ஐஸ்காரனை நம்பமாட்டார். மழை வரும் என்று றேடியோ சொன்னால் வலையை வெளியே காயப்போடுவார். தன்னாமுனையில் அவர் நம்பியது ஒரே ஒரு ஆளை, மனைவி பீற்றிஸை.

அதனால்தான் கடைசி மகள் டினோஷாவுக்குத் தேற்றாத்தீவிலிருந்து பீற்றிஸ் கொண்டுவந்த சம்பந்தத்துக்கு மறுகேள்வி கேட்காமல் தலையாட்டினார். மாப்பிள்ளையின் தாய் இன்றைக்குப் பொம்பிளை பார்க்க வருகிறாள். பொம்பிளையோ விறாந்தைக்கு உள்ளே இருந்து மேளத்தைப் போட்டு வெளுத்துக்கொண்டிருந்தாள்.

“நிப்பாட்டு புள்ள! ஆத்து மீனெல்லாம் அக்கரைக்குப் போயிரும்!”

“அப்பா, இண்டைக்குள்ள அல்பத்தை முடிச்சுக் கொழும்புக்கு அனுப்ப வேணும். இன்னும் ஒரு பாட்டு இரிக்கு.”

“கலியாணமே இன்னும் ஆகல்ல. அதுக்குள்ள என்ன அல்பம்?”

கித்தாரோடு நின்ற ஏறாவூர் றுமானாவும், பாடுகிற களுதாவளைத் தக்ஷாயினியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து வைத்திருந்த குழுவுக்குப் பெயர் ‘வாய்க்காரிகள்’. ஊர் ஏசுகிற சொல்லையே எடுத்துப் பெயராக வைத்திருந்தார்கள்.

“இது என்ன மாதிரிப் பாட்டுகா?”

“பங்க் அப்பா. கேக்கிற ஆளுக்கு ஆத்திரமும் வரவேணும், ஆட்டமும் வரவேணும்.”

“ஆத்திரம் நல்லா வருது. மற்றது வரல்ல.”

“கடைசிப் பாட்டு பொம்பிளை பாக்கிறதைப் பற்றி. நீங்க தகப்பன் மாதிரி நாலு கதை மைக்கில கதைச்சாப் போதும். எத்தனை நாளாக் கெஞ்சிறம்!”

“என்ட வாயை உங்கட பெட்டிக்குள்ள அடைக்க ஏலா. கதையை விட்டுட்டு மேளத்தைத் தூக்குங்க. அந்த மனுசி கண்டா இந்தக் கலியாணம் முடிஞ்சுது!”

தூக்கினார்கள். பெரிய மேளம் அறைக் கதவுக்குள் நுழையவில்லை. பின்பக்கம் கொண்டுபோனால் மீன் காயப்போடுகிற வாடி, இடமில்லை. நேரமும் இல்லை. யாக்கோப்பர் பெட்டகத்தைத் திறந்து யேசு பிறந்த நத்தாருக்கு விரிக்கிற வெள்ளைச் சேலையை எடுத்தார். மேளங்களை மூடினார். மேலே அந்தோனியார் சுரூபத்தை வைத்தார். இரண்டு பக்கமும் மெழுகுதிரி கொளுத்தினார். நல்ல பீடம்.

மைக் மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அதைக் கழற்றித் தேநீர் மேசையிலிருந்த பிளாஸ்ரிக் பூச்சாடிக்குள் தலைகீழாகச் செருகினார். பூவுக்குள் சின்னதாக ஒரு பச்சை வெளிச்சம் மினுங்கியது. பீடத்துக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு விளக்குப் போல வடிவாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார். டினோஷா வாயைத் திறக்கப் போனாள். பீற்றிஸ் அவளுடைய கையைக் கிள்ளினாள்.

வாசலில் ஓட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளையின் தாய் திரேசம்மா இறங்கினாள். கழுத்து நிறையச் சங்கிலி, முகம் நிறையக் கண்டிப்பு.

“வாங்க, இரிங்க” என்றார் யாக்கோப்பர், ஒரு நாளும் இல்லாத குழைவோடு.

“இருக்கிறதுக்கு முந்தி ஒரு செபம் சொல்லுவம். எவ்வளவு பெரிய பீடம்!” திரேசம்மா நேரே போய் முழந்தாளிட்டாள். சேலைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த மேளத்தின் மிதிகட்டையில் அவள் முழங்கால் பட்டது.

டும்!

அந்தோனியார் ஒரு தரம் குலுங்கினார்.

“இது என்ன சத்தம்?”

“அது… அந்தோனியார்ர மறுமொழி” என்றார் யாக்கோப்பர்.

“ஆண்டவரே! அப்ப இன்னும் ரெண்டு விண்ணப்பம் இரிக்கு.”

டும்! டும்! மூன்றாவது விண்ணப்பத்துக்குச் சேலை வழுகியது. அந்தோனியார் தலைகுப்புறப் போனார். நிலத்தில் படுவதற்குள் யாக்கோப்பர் பாய்ந்து பிடித்தார். பெரிய மேளம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

“செபக்கூட்ட மேளம்” என்றார், மூச்சு வாங்க. “பிள்ளைகள் பாட்டுக் குழு. கோயில் பாட்டு மட்டுந்தான்.”

“அப்ப ஒண்டு படிக்கட்டுமே, கேப்பம்.”

தக்ஷாயினி மெதுவாகத்தான் தொடங்கினாள். இரண்டாம் அடியில் றுமானாவின் கித்தார் சூடேறியது. மூன்றாம் அடியில் டினோஷா குச்சியை எடுத்தாள். பிறகு அந்தக் கோயில் பாட்டை எந்தக் கோயிலும் ஏற்காது. கூரைத் தகரம் அதிர்ந்தது. மெழுகுதிரி அணைந்தது. நாய் கட்டிலுக்குக் கீழே போனது. சம்பந்தம் கைவிட்டுப் போய்விட்டது என்று யாக்கோப்பர் கண்ணை மூடினார். திறந்தபோது திரேசம்மாவின் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

தப்பினோம் என்று நினைத்தார். ஆனால் பாட்டு முடிந்ததும் அவள் பூச்சாடிக்குக் கிட்டவாகக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

“பொம்பிளைப் பிள்ளை வாய் காட்டுமோ?”

“எங்கட பிள்ளைக்கு வாய் இருக்கிறதே தெரியாது!”

“நல்லது. கலியாணத்துக்குப் பிறகு மேளம், தாளம், கூட்டாளிமார் ஒண்டும் கூடாது.”

“கூடாதுதான்” என்றார் யாக்கோப்பர். சொல்லிவிட்டு டினோஷாவைப் பார்த்தார். அவள் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். பிறந்த நாள் தொட்டு இந்தப் பிள்ளை ஒரு இடத்தில் அசையாமல் இருந்து அவர் கண்டதில்லை.

திரேசம்மா தொண்டையைச் செருமினாள். “கடைசியா ஒண்டு. இந்த வீட்டை மகன்ட பேருக்கு எழுதித் தரவேணும்.”

நாய் கட்டிலுக்குக் கீழேயிருந்து குரைத்தது.

“என்ன சொன்னீங்க?”

“வீடு ஆம்பிளைட பேரில இருந்தாத்தானே மரியாதை?”

யாக்கோப்பர் எழும்பினார். மேசையில் கையால் அடித்தார், பூச்சாடி துள்ளியது.

“எங்கட ஊரில வீடு பொம்பிளைக்கு! என்ட மாமியார் என்ட பெண்சாதிக்குக் குடுத்த வீடு! முப்பத்தெட்டு வரிசமா நானே இஞ்ச வந்து இருக்கிறவன்தான்! உங்கட மகன் வந்து இருக்கட்டும், சோறு போடுவம். பிள்ளை மேளம் அடிச்சா அடிப்பாள்! விடிய விடிய அடிப்பாள்! ஏலாட்டி அவர் காதைப் பொத்திக்கொண்டு படுக்கட்டும்! வாய் இல்லாத பிள்ளையோ? அவள்ர வாய் என்ட வாய்! எழும்புங்க! ஓட்டோ எங்க?”

திரேசம்மா வெளியே போனாள்.

பீற்றிஸ் அழுவாள் என்று பார்த்தார். அவள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். மூன்று பிள்ளைகளின் கண்களும் நத்தார் வெளிச்சம் போல மின்னின. டினோஷா ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

“அப்பா! இதுதான் அப்பா பங்க்!”

“போ புள்ள. இதெல்லாம் ஒரு பாட்டோ?” யாக்கோப்பர் அவளை விலக்கிவிட்டுத் தோணி வலிக்கிற சவளை எடுத்துத் தோளில் போட்டார். நல்ல சம்பந்தம் போய்விட்டது. தகரம் தட்டுகிற சத்தத்தைக் கொழும்பில் ஆர் கேட்கப் போகிறான்? கேட்பார்கள் என்று ஒருக்காலும் நம்பமாட்டார். பின்வாசலால் இறங்கி ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார்.

குசினி யன்னலால் பிளேன்டி மணம் வந்தது. கூடவே, ஓட்டோவில் ஏறிப் போயிருக்க வேண்டிய திரேசம்மாவின் குரலும் வந்தது.

“பீற்றிஸ் அக்கா, வீடு கேட்ட இடத்தில நாய் குரைச்சிட்டு, என்ட கதை மைக்கில விழுந்திராது, அதை வேணுமெண்டா நான் இன்னொருக்காச் சொல்லித் தாறன், ஆனா பாட்டுக்குள்ள அண்ணன்ட கத்தலில மட்டும் கை வைச்சிராதைங்க!”